மச்சானுக்கு இல்லாத ஊசி

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் சிமெண்ட் ஆலையின் புகைபோக்கி தெரியும். அந்த ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் வீடு. வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும், காலையில் பல் விளக்கும்போது பார்வை தானாக அந்தப் பக்கம் போய்விட்டு வரும். ஒரு நாள் பார்த்தால், புகைபோக்கி நடுவில் வளைந்து நின்றது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது நேராகத்தான் நிற்கிறது, உங்கள் கண்ணைத்தான் யாரிடமாவது காட்ட வேண்டும் என்றாள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது. வலது கண்ணால் பார்த்தால் கைப்பிடிச் சுவர், துணி காயப்போடும் கொடி, பக்கத்து வீட்டுக் கம்பிக் கதவு எல்லாமே நெளிந்தன. மனைவியின் முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

அரியலூரில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் எனக்குப் பழக்கம். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தில்தான் அவரிடம் போனேன். அவர் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, இது கண்ணாடியில் தீருகிற விஷயம் இல்லை, திருச்சிக்குப் போய்விடுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருச்சி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஓர் அட்டையைக் காட்டி, எங்கே வளைகிறது என்று விரலால் தொடச் சொன்னார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். கணினித் திரையில் என் விழித்திரை அடுக்கடுக்காகத் தெரிந்தது. சுரங்கத்தில் வெட்டிய சுவரில் மேல்மண்ணும் அதன் கீழே சுக்கான்கல்லும் அதற்கும் கீழே சுண்ணாம்புக்கல்லும் வரிசையாகத் தெரியுமே, அப்படித்தான் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் அந்த அடுக்குகள் மேடு தட்டியிருந்தன. அடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. வயதானால் விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது. பலருக்கு வெறும் தேய்மானத்தோடு நிற்கும், அதை உலர்ந்த வகை என்பார்கள். சிலருக்கு அங்கே வேண்டாத ரத்தக்குழாய் முளைத்து நீர் கசியும், அது ஈர வகை. என்னுடையது ஈர வகை. கசிவை நிறுத்தக் கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும் என்றார்.

கண்ணுக்குள் ஊசி என்றதும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். மனைவிதான், எப்போது போடுவீர்கள் என்று கேட்டாள்.

நினைத்த அளவுக்கு ஒன்றும் இல்லை. மரத்துப்போகும் சொட்டுமருந்தை விட்டு, பழுப்பு நிற மருந்தால் கண்ணைச் சுற்றிக் கழுவி, இமையை மூடாதபடி ஒரு கிளிப் மாட்டி, மேலே பார்க்கச் சொன்னார்கள். ஓர் அழுத்தம், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் முழுக்க, கண்ணுக்குள் கறுப்பாக ஒரு குமிழி மிதந்தது. தலையை ஆட்டினால் அதுவும் ஆடியது.

அடுத்த மாத ஊசிக்கு மனைவியால் வர முடியவில்லை. மகளுக்குப் பேறுகாலம், சென்னைக்குப் போயிருந்தாள். துணைக்கு ஆள் இல்லாமல் வரக் கூடாது என்பது ஆஸ்பத்திரியின் கண்டிப்பு. அதனால் என் மச்சானைக் கூப்பிட்டேன். மனைவியின் அண்ணன். சிறுவாச்சூர் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர். மனைவியை இழந்தவர், மகன் வீட்டோடு இருந்தார்.

அவரைக் கூப்பிட எனக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் அவர் பெரம்பலூர் கமிஷன் மண்டிக்குப் போனால் திரும்பி வர நேரமாகும். வழியில் பார்க்கிறவர்களோடெல்லாம் நின்று பேசிவிட்டுத்தான் வருவார். அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாக யாரோடும் பேசுவதில்லை. எதிரே வருகிறவர்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார், மாடி வீடு கட்டியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர்க் கோவிலில் என் மனைவியையே ஒரு வார்த்தை பேசாமல் கடந்து போய்விட்டார். கூடப் பிறந்த அண்ணன் அப்படிப் போனதில் அவளுக்கு வருத்தம். ஆனால் நான் கூப்பிட்டதும் மறுக்கவில்லை. முதல் நாளே வந்து தங்கி, மறுநாள் என்னோடு திருச்சி பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் ஊசிக்கு முன்னால் துணைக்கு வந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். நர்ஸ் காகிதத்தை மேசையில் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். மச்சான் குனிந்து கையெழுத்துப் போட்டார். கையெழுத்து காகிதத்தின் மேல் விழவில்லை. பக்கத்தில் மேசையின் மேல் விழுந்திருந்தது.

நர்ஸ் அதைத் துடைத்துவிட்டு, ஐயா உங்கள் கண்ணை எப்போது காட்டினீர்கள் என்று கேட்டார். ஒரு முகாமில் புரை ஆபரேஷன் ஆகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார் மச்சான். நர்ஸ் அவரை விடவில்லை. எனக்கு ஊசி போட்டு முடித்துக் கட்டோடு வெளியே வந்தபோது, சொட்டுமருந்து விட்ட கண்களோடு மச்சான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே உட்கார வைத்துப் பேசினார். புரை ஆபரேஷன் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். கோளாறு பின்னால் இருக்கிறது. எனக்கு இருக்கிற அதே நோய், ஆனால் உலர்ந்த வகை. வலது கண்ணில் நடுப்பகுதி முழுக்கத் தேய்ந்துவிட்டது. இடது கண்ணில் நட்டநடுவில் ஒரு புள்ளி அளவு மிச்சம் இருக்கிறது, அதற்குள் ஒரு முகம் முழுசாக அடங்காது. ஓரப்பார்வை இரண்டிலும் போகாது, முழு இருட்டு வராது. ஆனால் எழுத்தும் முகமும் தெரிவது நடுப்பகுதியால்தான்.

மச்சான் கடைசி வரை தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “மாப்ளைக்குப் போடுற ஊசிய எனக்கும் போட்டுடுங்கம்மா” என்றார்.

“அவருக்குக் கசிவு இருக்குங்க ஐயா, ஊசி அதை நிறுத்துது. உங்களுக்குக் கசிவே இல்ல. நிறுத்துறதுக்கு ஒண்ணும் இல்லாத இடத்துல ஊசி போட்டு என்ன பண்றது?”

“அப்ப எனக்கு என்னதான் மருந்து?”

டாக்டரம்மா அதற்கு நேரம் எடுத்துப் பதில் சொன்னார். இப்போதைக்குச் சத்து மாத்திரை, அதுவும் இடது கண் தேய்வதைத் தள்ளிப்போடத்தான். வெளிநாட்டில் உலர்ந்த வகைக்கும் ஊசி வந்திருக்கிறது, தேய்மானத்தை மெதுவாக்குமே தவிர போன பார்வையைத் தராது, இங்கே இன்னும் வரவில்லை. செத்த செல்லுக்குப் பதில் புது செல் வைக்கப் பார்க்கிறார்கள். விழித்திரைக்கு அடியில் சின்னச் சில்லு வைத்து, கேமரா பொருத்திய கண்ணாடி மூலம் எழுத்தைக் காட்டப் பார்க்கிறார்கள். எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, எது எப்போது நம் ஊருக்கு வரும் என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். லால்குடி தாண்டியதும் தானாகவே பேச ஆரம்பித்தார். ஆபரேஷன் ஆனதும் நிறமெல்லாம் பளிச்சென்று தெரிந்ததாம், முகங்கள் மட்டும் தெரியவில்லையாம். மகன் லீவு போட்டு அழைத்துப் போய்ச் செய்த ஆபரேஷன், தெரியவில்லை என்று சொன்னால் அவன் மனசு கஷ்டப்படுமே என்று பேசாமல் இருந்துவிட்டாராம். வணக்கம் வைத்தது யார் என்று தெரியாமல் விழிப்பதைவிட, பார்க்காத மாதிரி போவது சுலபமாக இருந்ததாம். கோவிலில் தங்கச்சி எதிரே வந்ததே அவருக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரிந்தது. வீடு வந்து சேர்ந்ததும் சென்னைக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள்.

அந்த வருஷம் எனக்கு ஊசிகள் தொடர்ந்தன. திட்டு மங்கி, கோடுகள் பெரும்பாலும் நிமிர்ந்தன. ஒவ்வொரு ஊசிக்கும் மச்சானே துணைக்கு வந்தார். என் ஸ்கேனைப் பற்றி என்னைவிட அக்கறையாகக் கேட்பார். நீர் வற்றிவிட்டது என்று டாக்டரம்மா சொன்னால், நல்லது மாப்ள என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இப்படி இருக்கையில் அவர் மகனுக்குச் செல்போனில் ஒரு வீடியோ வந்தது. வெளி மாநிலத்தில் ஒரு கிளினிக். பார்வை போன ஒருவர் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். மகன் அவர்களோடு பேசி நாளும் குறித்துவிட்டான். மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்து சந்தோஷமாக இதைச் சொன்னார். நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்து கேட்டேன். அது நிரூபிக்கப்படாத வைத்தியம், அப்படிச் செய்துகொண்டு இருந்த பார்வையையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்றார். முறையான ஆராய்ச்சி என்றால் சிகிச்சைக்கு நோயாளியிடம் காசு கேட்க மாட்டார்கள், இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் கை வைக்க மாட்டார்கள், இந்த இரண்டையும் அவரிடம் சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். ஆனால் நான் சொன்ன நேரம் சரியில்லை. அதே வாரத்தில்தான் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு மருந்து ஆராய்ச்சியில் சேரக் கேட்டிருந்தார்கள். ஒரு தடவை போட்டால் பல மாதம் தாங்கும் புது ஊசி. பழைய ஊசியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் சேர்வதாகச் சொல்லிவிட்டேன், அது மச்சானுக்கும் தெரியும்.

“உங்களுக்கு ஆராய்ச்சின்னா நல்லது, எனக்கு ஆராய்ச்சின்னா ஏமாத்தா?” என்று கேட்டார்.

இரண்டும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். என் விளக்கம் எனக்கே நொண்டியாகத் தெரிந்தது. மனைவி குறுக்கே வந்து, அண்ணே அவசரப்படாத என்றாள்.

“உனக்கு என்னம்மா, ஒன் வூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியுது” என்று சொல்லிவிட்டு எழுந்தார். போட்ட காபியைக்கூடக் குடிக்கவில்லை. வாசலில் செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் பேச்சு நின்றுபோனது. நான் போன் செய்தால் மருமகள்தான் எடுப்பாள், மாமா தோட்டத்தில் இருக்கிறார் என்பாள். துணைக்கு மனைவி வர, நான் ஆராய்ச்சியில் சேர்ந்தேன். என்னென்ன செய்வார்கள் என்பதையெல்லாம் ஓர் அம்மா தமிழில் நிதானமாகப் படித்துக் காட்டி, புரிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்குப் போடுவது புதுசா பழசா என்பது எனக்கும் தெரியாது, பரிசோதிக்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது, ஊசி போடுகிற டாக்டர் வேறு ஆள். புது மருந்து கிடைத்தவர்களுக்கு எல்லா மாதமும் ஊசி வேண்டியதில்லை. ஆனால் அது தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, மற்ற மாதங்களில் ஊசி இல்லாத வெறும் சிரிஞ்சைக் கண்ணில் வைத்து அழுத்துவார்கள். கழுவுவது, கிளிப் மாட்டுவது, கட்டுப் போடுவது எல்லாம் அப்படியே நடக்கும். சில மாதம் குமிழி மிதக்கவில்லை, ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். நான் விலகவில்லை.

மச்சான் வந்தது அறுவடை முடிந்த பிறகு, ஒரு பகல் வேளையில். மகன் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழப்பழுவூரில் ஒரு வேலை இருக்கிறது என்று போய்விட்டான். ஒரு சாக்கு வெங்காயம் கொண்டு வந்திருந்தார். வா அண்ணே என்று மனைவி வாசலுக்கு வந்தாள். அவர் அவள் குரல் வந்த பக்கம் திரும்பி, சோறு இருக்கா என்று கேட்டார்.

சாப்பிட்டு முடித்துத்தான் சொன்னார். கிளினிக்குக்குப் போயிருக்கிறார்கள். சுத்தமான இடம், ஏசி அறை, மரியாதையான பேச்சு. அங்கே இருந்தவரிடம் மச்சான், எந்தக் கண்ணுக்கு முதலில் போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் இன்றைக்கே போட்டுவிடலாம், திரும்ப ஒரு தடவை அலைய வேண்டாமே என்று பதில் வந்திருக்கிறது.

“நீங்க சொன்னது அப்பத்தான் மண்டையில ஏறுச்சு மாப்ள. சரி, சரியாகாமப் போனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். அப்படி யாரும் எங்ககிட்ட திரும்பி வந்ததில்லைன்னான். வராதவன் ஏன் வரலைன்னு யாருக்குத் தெரியும்? எந்திரிச்சு வந்துட்டேன்.”

மகனுக்கு அங்கே கோபமாம், பஸ்ஸில் வரும்போது அழுதானாம். அப்பாவின் கண்ணை இப்படியே விட்டுவிட்டோமே என்ற தவிப்பு அவனுக்கு. மச்சான்தான் அவனைத் தேற்றியிருக்கிறார். வந்த பிறகும் எங்கள் வீட்டுக்கு வர அவருக்கு இத்தனை நாளாகியிருக்கிறது. ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று அவர் கேட்டார். வெறும் சிரிஞ்சு விஷயத்தைச் சொன்னேன். ஊசி இல்லாத ஊசி என்றால் அதையாவது எனக்குப் போடச் சொல்லுங்கள் என்றார். மனைவிதான் முதலில் சிரித்தாள், பிறகு மூவரும் சிரித்தோம்.

அடுத்த தடவை அவரையும் திருச்சிக்கு அழைத்துப் போனேன். இருக்கிற பார்வையை வைத்துக்கொண்டு பழகச் சொல்லித்தர அங்கே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் அவருக்கு அதில் விருப்பமில்லை, மருந்து தர வழியில்லாதவர்கள் பாடம் நடத்துகிறார்கள் என்றார். அங்கே இருந்த பெண், என் முகத்தைப் பார்க்க வேண்டாம், என் வலது காதுக்கு மேலே பாருங்கள் என்றார். மச்சான் அப்படியே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, மூக்குத்தி போட்டிருக்கியாம்மா என்று கேட்டார். நடுவில் பார்வை போனவர்கள் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், ஓரத்தில் மிச்சமிருக்கும் இடத்தில் பொருள் வந்து விழும். ஆளுக்கு ஆள் அந்த இடம் மாறும். அதைக் கண்டுபிடித்து, கண்ணை அங்கே நிறுத்திப் பழக வேண்டும். பெரிதாக்கிக் காட்டும் விளக்கு வைத்த லென்ஸ் ஒன்றும், செல்போன் எழுத்தை வாசித்துக் காட்டும் வழியும் சொல்லித்தந்தார்கள்.

பழக அவருக்குப் பல மாதம் பிடித்தது. தலைவலி வருகிறது என்று இரண்டு தடவை விட்டுவிட்டார். பேசும்போது எதிராளியின் காதுக்கு மேலே பார்ப்பதால், ஊரில் புதுசாக ஒரு பேச்சு கிளம்பியது. ஏதோ குறி சொல்கிறவர் மாதிரி பார்க்கிறார் என்றார்கள். மகன் மூலம் அது அவர் காதுக்கும் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை, கோவில் கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, சிறுவாச்சூரில் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறார். தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எனக்குக் கண்ணில் நடுப்பக்கம் தெரியாது, நீங்கள் எதிரே வந்தால் யார் என்று தெரியாது, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், இத்தனை நாள் பேசாமல் போனதற்குக் காரணம் அதுதான் என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அடுப்பை விட்டு வந்து தன் பேரைச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம். இதை எனக்குச் சொன்னது மகன். மச்சான் சொல்லவே இல்லை. நான் கேட்டபோது, ஆமா, சொல்லித்தானே ஆகணும் என்றதோடு சரி.

என் ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நடுவில் ஒரு தடவை நீர் மறுபடி கோத்தபோது, விதிப்படி கூடுதல் ஊசி போட்டார்கள். மற்றபடி வலது கண் சேர்ந்தபோது இருந்த நிலையிலேயே நிற்கிறது. எனக்குக் கிடைத்தது எந்த மருந்து என்று இன்னும் சொல்லவில்லை, எல்லா ஊர்க் கணக்கும் சேர்ந்த பிறகுதான் சொல்வார்களாம். இப்போது வழக்கமான ஊசிதான் போடுகிறார்கள், இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறார்கள்.

போன கோடையில் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. உலர்ந்த வகைக்கு ஓர் ஆராய்ச்சி தொடங்குகிறது, மச்சானின் இடது கண் பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்றார். ஊசி இல்லை, தினமும் சாப்பிடுகிற மாத்திரை. சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத மாத்திரை. கிடைத்தாலும் போன பார்வை வராது, மிச்சம் இருப்பது தேயும் வேகத்தைக் குறைக்கிறதா என்பதுதான் கேள்வி. இதையெல்லாம் மச்சான் முழுசாகக் கேட்டுக்கொண்டார். ரத்தம், ஸ்கேன், எழுத்துப் பலகை என்று ஒரு நாள் முழுக்கப் பரிசோதித்தார்கள். வலது கண்ணைச் சேர்க்கவில்லை. இடது கண்ணைச் சேர்த்துக்கொண்டார்கள்.

உங்களுக்குக் கிடைத்தது வெறும் மாத்திரையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

“இருந்துட்டுப் போவுது. ஒருத்தருக்கு வெறுசாக் குடுத்தாத்தானே இன்னொருத்தருக்குக் கேக்குதான்னு தெரியும்? நாம அந்தப் பக்கம் நின்னா என்ன, இந்தப் பக்கம் நின்னா என்ன” என்றார்.

இப்போது இருவருக்கும் ஒரே நாளில் வரும்படி தேதி வாங்கியிருக்கிறோம். அவர் பெரம்பலூர் பக்கமிருந்து வருவார், நான் அரியலூர் பக்கமிருந்து போவேன். வேலை முடிந்ததும் கேண்டீனில் சாப்பிட்டுவிட்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடப்போம். போன வாரமும் அப்படித்தான் வந்தோம். நான் அவருடைய பஸ்ஸைத் தேடப் போனேன். அதற்குள் அவர், அங்கே நின்ற ஒரு பஸ்ஸின் படிக்கட்டுப் பக்கம் போய், கண்டக்டரிடம் தனக்குப் போர்டு தெரியாது, இது சிறுவாச்சூரில் நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிற்கும், ஏறுங்கள் என்று கண்டக்டர் முன்னால் இடம் காட்டினார். மச்சான் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக நான் நின்ற பக்கம் பார்த்து, போயிட்டு வரேன் மாப்ள என்றார். பஸ் கிளம்பியதும் நான் அரியலூர் பஸ்ஸைத் தேடிப் போனேன்.